ஐஸில் போட்ட உப்பு

அன்புள்ள நண்பருக்கு,

நேற்றுக் காலை ரயிலடியில் நின்றுகொண்டிருந்தேன். மதுரைக்குப் போகும் சீலா மீனைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிசை மீன், அதன்மேல் உடைத்த ஐஸ், அதன்மேல் இரண்டு கை கல்லுப்பு. உப்பு விழுந்ததும் ஐஸ் மெல்ல முனகியது. ஈரமும் உப்பும் கலந்த ஒரு வாடை எழும்பி வந்தது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்கு வாங்கிய டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டேன். "என்ன, ரயிலு போயிட்டா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். போய்விட்டது என்றேன். எனக்குப் பொய் சுலபமாக வரும் என்பது உமக்குத் தெரிந்ததுதானே.

நீர் போய் இரண்டு மாதம் ஆகிறது. "காக்கா மவுத்தாயிட்டாங்க" என்று, அண்ணன் இறந்த செய்தியை உம்முடைய தம்பி ஒரே வரியில் கார்டில் எழுதியிருந்தார். உயிரோடு இருந்த காலத்தில் ஆறு வருஷமாக உமக்கு ஒரு கடிதம் எழுதாதவன், இப்போது மை தொட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளும்.

அந்த அறை உமக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், துறைமுகத்துக் காற்று நேரே வந்து மோதும் ஒற்றை ஜன்னல், ஒரு மைக்ராஸ்கோப், இரண்டு முக்காலி. நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் ஆற்றங்கரைக்காரன், நீர் காயல்பட்டினத்துக்காரர். "நீரு குளிச்சு விட்ட தண்ணியத்தான் வே எங்க கடல் வாங்கிக்கிடுது" என்று முதல் நாளே என்னைச் சீண்டினீர். மலேரியாவும் பூச்சியும் பார்த்துக்கொண்டிருந்த நம்மிடம், சண்டைக் காலத்தில்தான் ரத்த இனம் பார்க்கும் வேலை வந்து சேர்ந்தது. எனக்கு அது இன்னொரு தொல்லை. உமக்கோ புதையல் கிடைத்த மாதிரி.

வெள்ளைப் பீங்கான் ஓட்டில் இரண்டு சொட்டுச் சீரம். ஒன்று ஏ இனத்து ரத்தத்தைத் திரள வைக்கும், மற்றது பி இனத்தை. அதில் சலைனில் கழுவிய ரத்தத்தைக் கண்ணாடிக் குச்சியால் கலந்து, ஓட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சீரமும் இனமும் ஒத்துப்போனால், பாலாகக் கலந்திருந்த சிவப்பு, கண்ணெதிரே மணல் மணலாகப் பிரியும். இரண்டிலும் திரளாவிட்டால் ஓ இனம். ஓ இனத்து ரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம் என்று அன்று நம்பியிருந்தோம்.

"இந்த அணுவுக்கு மேல ஒரு கொளுக்கி இருக்கு. சீரத்துல அதுக்குன்னே ஒரு வளையம் இருக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு கண்டுபிடிச்சுக்கிடுது வே, நாம வேடிக்கதான் பாக்கோம்" என்பீர். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவீர். நான் கொட்டாவி விடுவேன்.

சீரம் சென்னையிலிருந்து சின்னக் குப்பிகளில் வரும். அது கெட்டிருக்கிறதா என்று பார்க்க நாம் இருவருமே போதும். நான் ஏ, நீர் பி. திங்கட்கிழமைதோறும் இருவரும் விரலைக் குத்திக்கொண்டு, என் ரத்தம் ஒரு குப்பியில் திரளுகிறதா, உம்முடையது மற்றதில் திரளுகிறதா என்று பார்ப்போம். குப்பிகளைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. ஐஸ் தொட்டிக்கு நடுவே தண்ணீர் நிறைந்த ஒரு ஜாடி, அந்தத் தண்ணீருக்குள் குப்பிகள். அது உம்முடைய ஏற்பாடு. "ஜாடித் தண்ணி ஆடணும். ஆடலன்னா பயப்படும்" என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தீர்.

பெருநாளுக்கு நீர் பத்து நாள் லீவில் ஊருக்குப் போனீர். அந்த வாரம் பார்த்துக் கப்பல்கள் வந்து நின்றன. ஐஸ் எல்லாம் அங்கே போக, நமக்குப் பாதிப் பாளம்தான் வந்தது. மத்தியானத்துக்குள் தொட்டி வெறும் தண்ணீர். வீட்டில் பால் திரிந்தால்கூட என்னைக் கேலி செய்கிறவர் நீர். நீர் இல்லாத நாளில் சீரத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பேர் வந்துவிடக்கூடாதே என்று கிடந்து தவித்தேன். திரேஸ்புரத்தில் மீன் கட்டும் ஒருவரிடம் போய் யோசனை கேட்டேன்.

"உப்பப் போடும் அண்ணாச்சி. கை வைக்க முடியாது, அம்புட்டுக் குளிரும். மருதக்கிப் போற மீனே கெடுறதில்ல, ஒம்ம மருந்தா கெட்டுப் போவுது?" என்றார்.

இந்த ஊரில் உப்புக்கா பஞ்சம்? போட்டேன். ஜாடித் தண்ணீர் கல்லாக இறுகியது. குப்பிக்குள் சீரமும் இறுகியது. பின்னேரம் எல்லாம் உருகிப் பழையபடி ஆனது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். உம்முடைய எச்சரிக்கை எனக்கு நினைவில்லாமல் இல்லை. ஜாடி வெடித்துவிடும் என்பதற்காகச் சொல்கிறீர் என்று எடுத்துக்கொண்டேன். ஜாடி வெடிக்கவில்லை. உம்மைவிட நான் கெட்டிக்காரன் என்றுகூட எண்ணிக்கொண்டேன்.

திங்கட்கிழமை என் விரலைக் குத்திப் பார்த்தேன். திரண்டது. ஆனால் நேரமானது. உம்முடைய குப்பியைச் சோதிக்க உம்முடைய ரத்தம் ஊரில் பெருநாள் கொண்டாடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஏட்டில் 'சரி' என்று எழுதினேன்.

நீர் திரும்பி வந்த அன்று காலையில் தொட்டியைக் கழுவி, உப்பின் சுவடில்லாமல் துடைத்து வைத்திருந்தேன். வந்ததும் வராததுமாக "சீரம் எப்படி வே?" என்று கேட்டீர். "நல்லாப் பிடிக்கி" என்றேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, புன்னைக்காயலிலிருந்து அந்தப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பிறந்து இரண்டாம் நாள், உதிரப்போக்கு நிற்கவில்லை. வெளுத்த துணியாகக் கிடந்தாள். கூட வந்தவன் அவளுடைய தம்பி சூசை. கடலுக்குப் போகிற பிள்ளை, தேக்குமரம் மாதிரி உடம்பு. ரத்தம் கொடுப்பதென்றால் ஊரே ஓடி ஒளிகிற காலம் அது. அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, "எம்புட்டு வேணுமோ எடுத்துக்கிடுங்க" என்று முன்னால் வந்து நின்றான்.

இருவர் ரத்தத்தையும் தனித்தனியாக ஓட்டில் சீரத்தோடு கலந்து சாய்த்தீர். இரண்டு குப்பியிலும் இருவருக்கும் திரளவில்லை. ஓவுக்கு ஓ. இதைவிட நல்ல பொருத்தம் இல்லை என்றார் டாக்டர். அக்காள் சீரத்தில் தம்பி ரத்தத்தை நேராகக் கலந்து பார்த்துவிடலாம், கால் மணி நேரம் கொடுங்கள் என்று நீர் கேட்டீர். நாடி போய்க்கொண்டிருக்கிறது, நேரமில்லை என்றார். ரத்தம் ஏறத் தொடங்கியது. நீர் விடவில்லை. அறைக்கு வந்து கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தீர். பிறகு முக்காலி உருண்டு விழ எழுந்து ஓடினீர். நான் குனிந்து பார்த்தேன். மணல் மணலாகத் திரண்டு கிடந்தது; தம்பி ரத்தம் அக்காளுக்குச் சேராது.

அதற்குள் பாதிப் பாட்டில் ஏறியிருந்தது. இடுப்பு விட்டுப்போகிறது என்று அவள் அலறியதும், உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதும், கறுத்துப்போன சிறுநீரும், பிறகு அதுவும் நின்றுபோனதும் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். பிள்ளை பிழைத்தது.

அன்று பின்னேரம் நீர் மிச்சமிருந்த சீரத்தை எடுத்து, இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று சலைன் விட்டு நீர்த்து, வரிசையாகக் குழாய்களில் வைத்து, உம்முடைய விரலைக் குத்தி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டீர். நல்ல சீரமானால் ஆறாவது குழாய் வரைக்கும் திரள வேண்டும். முதல் குழாயிலேயே அரைகுறையாகத்தான் திரண்டது. வளையங்களெல்லாம் உடைந்துபோயிருந்தன. நீர் என்னைப் பார்க்காமல், குழாய்களைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்.

"நான் இல்லாத நாள்ல ஜாடி உறைஞ்சுதா வே?"

"இல்லையே" என்றேன்.

ஒரே ஒரு தரம்தான் கேட்டீர். பிறகு எழுந்து குழாய்களைக் கழுவி வைத்தீர். விசாரணைக்கு ஆள் வந்தபோது, "சீரத்துல கோளாறு இல்ல, என் கண்ணுதான் பிசகிட்டு" என்று சொன்னீர். நான் கதவோரம் நின்றிருந்தேன். ஏட்டில் 'சரி' என்று இருந்தது என் கையெழுத்து. சீரம் கெட்டது என்று நீர் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி எனக்குத்தான் வந்திருக்கும். உம்மை வேலையிலிருந்து எடுத்தார்கள். உம்முடைய முக்காலியை எனக்குக் கொடுத்தார்கள். ஆறு வருஷமாக அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது என்று எழுதுவதற்குக்கூட வெட்கமாக இருக்கிறது.

கார்டு வந்த பிறகு உம்முடைய வீட்டுக்குப் போனேன். உம்முடைய தம்பி தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். "வருசா வருசம் ஒரு நா புன்னக்காயலுக்குப் போயிருவாங்க. எதுக்குன்னு கேட்டாச் சொல்ல மாட்டாங்க" என்றார். எதுக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே புன்னைக்காயலுக்குப் போனேன்.

சூசை கரையில் வள்ளத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். என்னை அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரி என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு உட்காரச் சொன்னான். முதலில் உம்மைப் பற்றித்தான் பேசினான்.

"எங்க ரத்தத்துல வெசம் இருக்குன்னு ஊருல பேச்சாயிட்டு. எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. அக்காவ நாந்தான கொன்னேன்? பொண்ணு பாக்க வேண்டாம்னுட்டேன். ஆறு மாசம் கழிச்சு ஒரு நா காக்கா வந்தாரு, ஒரு வெள்ள ஓட்டையும் குப்பியையும் கைல பிடிச்சுக்கிட்டு. என் வெரலக் குத்துனாரு, அவரு வெரலயும் குத்துனாரு. ரெண்டயும் அதுல விட்டு ஆட்டுனாரு. ரெண்டும் ஒண்ணு போலத் தெரண்டுட்டு. 'பாத்துக்கிடும், உமக்கும் எனக்கும் ஒரே இனம். உம்ம ரத்தம் வெசம்னா என் ரத்தமும் வெசம். அக்கா இனம் வேற, அத நான் தப்பாப் பாத்துட்டேன், அம்புட்டுதான்'னாரு. அதுக்குப் பொறவுதான் நான் கலியாணம் கட்டுனேன். அன்னையிலருந்து வருசம் ஒரு தரம் வந்து பிள்ளையப் பாத்துட்டுப் போவாரு."

வேலை போன பிறகு, யார் காலில் விழுந்து அந்த ஒரு குப்பியை வாங்கினீரோ. அவனிடமும் உம்முடைய கண் மேல்தான் பழியைப் போட்டிருக்கிறீர்.

நான் சொன்னேன். பெருநாள் லீவு, கப்பல், பாதிப் பாளம், உப்பு, மெதுவாகத் திரண்ட என் ரத்தம், ஏட்டில் எழுதியது, நீர் கேட்டது, நான் சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் கை ஓங்குவான் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், ஓங்கினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் வள்ளத்தின் பலகையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இத இப்பம் சொல்லுதீரு" என்றான் கடைசியில். "அவரு மண்ணுக்குள்ள போற வரைக்கும் காத்துட்டு இருந்தீரோ?"

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. "ஆமா" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன முதல் உண்மையான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவன் எழுந்து எண்ணெய்ச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான். "அவருகிட்டச் சொல்ல வேண்டியத எங்கிட்டக் கொண்டாந்திருக்கீரு. எனக்கு வேண்டாம். அத நீரே வச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டு, வள்ளத்தின் மறுபக்கம் போய்ப் பூச ஆரம்பித்தான்.

வைத்திருக்கிறேன்.