பன்னீர்க் குழாய்க்கு மாடத்தி வளைத்த கம்பி

அன்புள்ள மகன் பாபுவுக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து அம்மா பாண்டிச்செல்வி எழுதுவது. இங்கே அப்பா சுகம், மாடத்தி சுகம், நானும் சுகம், என் வலது கட்டைவிரல் மட்டும் சுகமில்லை, பேனா பிடிக்க மாட்டேன் என்கிறது. அதனால் கையெழுத்து உன் தங்கச்சியுடையது, வார்த்தை எல்லாம் என்னுடையது. அங்கே மஸ்கட் வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா சரிம்மா என்று வெட்டிவிடுகிறாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. என்கூட வேலை செய்கிற ரஹீனாவின் தம்பி அனீஸ் நாளை வியாழக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்துவிடுகிறேன். பொட்டலத்தைக் கடிதம் படித்து முடித்த பிறகு பிரி.

ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா. மாடத்தியை அழைத்துக்கொண்டு போய் ரோஹன் சாரிடம் ஒரு மன்னிப்புக் கேட்கச் சொல்லு, அதோடு முடிந்தது, நாம் பிழைக்க வந்த ஊர், நமக்கு எதற்கு வம்பு, எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே உங்கள் கம்பெனி முதலாளியின் மச்சான்தானே என்றாய். அதற்குப் பதில்தான் இது. கேட்க மாட்டாள். நானும் கேட்கச் சொல்ல மாட்டேன். உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்கள், நீ மூன்று வருடமாக அங்கே மாடு மாதிரி உழைக்கிறாய், அதில் எங்கே கடன் நிற்கிறது. உனக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியாது, நடந்தது இதுதான், முதலிலிருந்து படி.

நம் பன்னீர்க் கம்பெனியில் பாட்டில் எப்படி நிரப்புவோம் என்று நீ சின்னப் பையனாக வந்து பார்த்திருக்கிறாய். மேலே மேடையில் கேன், அதிலிருந்து ஆளுக்கொரு ரப்பர் குழாய், குழாய் நுனியைப் பாட்டிலில் விட்டு நிரம்பியதும் கட்டைவிரலால் அமுக்கி நிறுத்த வேண்டும், அடுத்த பாட்டிலுக்கு விரலை எடுக்க வேண்டும். ஒன்பது வருடம் இதே அமுக்கல். இப்போது என் கட்டைவிரல் மூட்டு கோலிக்குண்டு மாதிரி வீங்கியிருக்கிறது, அமுக்கினாலும் குழாய் முழுசாக அடைவதில்லை, சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் முதலாளியின் அக்கா மகன் ரோஹன் மேற்பார்வைக்கு வந்தான், இன்ஜினியரிங் படித்தவன். என் மேஜைக்குக் கீழே ஈரத்தைப் பார்த்துவிட்டு, சேச்சியுடைய கை முடிந்துபோயிற்று, இந்த மாதத்தோடு வீட்டில் இருந்துகொள்ளட்டும் என்று அம்மிணி சேச்சியிடம் சொன்னானாம். என்னிடம்கூடச் சொல்லவில்லை, பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லியிருக்கிறான்.

மாடத்தி அங்கே லேபிள் ஒட்டப் போய்க்கொண்டிருந்தாள் அல்லவா, ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திய பிறகு. அவள் காதிலும் இது விழுந்தது. வீட்டுக்கு வந்து சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டையை என் கையில் வைத்து, அம்மா வலிக்காமல் எவ்வளவு இறுக்க முடியுமோ இறுக்கு என்றாள். கட்டைவிரலை விட்டுவிட்டு நான்கு விரலாலும் உள்ளங்கையாலும் இறுக்கினேன். அந்த மாவை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு நூல் பிடித்து அளந்தாள், அன்றைக்கு நமக்கு ஒரு சப்பாத்தி குறைவு. பிறகு கம்பி தேடினாள். துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை வளைத்தாள், அது வளைந்தது வளைந்தபடியே நின்றது, திரும்பி வரவில்லை. குடைக்கம்பி முறிந்தது. உங்கள் அப்பா திருப்பூணித்துறையில் ஒரு பழைய வீடு இடிக்கும் வேலைக்குப் போனபோது ஒரு ஸ்பிரிங் மெத்தை கொண்டுவந்தார், பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரோடு வைட்டிலா வரைக்கும் சண்டை போட்டுக் கொண்டுவந்த மெத்தை, அதன் ஓரத்தைப் பிரித்து இரண்டு ஸ்பிரிங்கை இந்த மகராசி உருவிவிட்டாள். உங்கள் அப்பா படுத்தால் இடுப்பில் ஏதோ குத்துகிறது என்று மூன்று நாள் புலம்பினார். (அண்ணே, இதை எழுத வேண்டாம் என்றேன், அம்மா விடவில்லை. மா.)

அந்தக் கம்பியை இடுக்கியால் நீட்டி, ஆணியில் சுற்றி அவள் செய்தது பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை. ஒரே கம்பி. நடுவில் கோணி தைக்கும் ஊசியின் கண் மாதிரி ஒடுங்கின வளையம், இரண்டு முனையும் ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டி இரண்டு காது மாதிரி வெளியே நீளும். ரப்பர் குழாயை அந்தக் கண்ணுக்குள் விட்டால் கம்பியே அதை நசுக்கி அடைத்துவிடும். காது இரண்டையும் சேர்த்து அமுக்கினால் கண் விரியும், பன்னீர் ஓடும், கையை விட்டால் தானாக நிற்கும். காதுகளின் நீளம் என் உள்ளங்கைக்குச் சரியாக இருந்தது, மாவில் அளந்தது அதற்குத்தான். கட்டைவிரலுக்கு அதில் வேலையே இல்லை. நான் வீட்டில் பக்கெட்டை வைத்துப் பார்த்தேன், பாபு, எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கொண்டுபோனேன். அங்கேதான் தப்பு நடந்தது, தப்பு என்னுடையது. ஒன்பது வருடமாக என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான், நிறுத்த வேண்டும் என்றால் அமுக்கு. பாட்டில் நிரம்பியதும் நான் நிறுத்துகிறேன் என்று அமுக்கினேன். அது திறந்துகொண்டு ஊற்றியது. ஊற்றுகிறதே என்று பதறி இன்னும் பலமாக அமுக்கினேன். ரஹீனா ஓடி வந்து, விடு விடு சேச்சி, நான் நிறுத்துகிறேன் என்று கத்தினாள், நான் விட்டால் இன்னும் போகும் என்று இரண்டு கையாலும் பிடித்தேன். அவள் பங்குக்கு அவளும் வந்து என் கைமேல் அமுக்கினாள், அவளும் பத்து வருடமாக அமுக்குகிறவள்தானே. அரை கேன் பன்னீர் தரையில். கல்யாண மண்டபம் மாதிரி மணம். அம்மிணி சேச்சி, வாங்க வாங்க மாப்பிள்ளை எங்கே என்று கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்போதுதான் ரோஹன் வந்து நின்றான்.

அவன் கம்பியைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டான். பள்ளிக்கூடம் முடிக்காத ஒரு கொச்சுப்பெண் செய்த குப்பையை யார் என் மேஜைக்குக் கொண்டுவரச் சொன்னது என்றான். மாடத்தி லேபிள் பசையோடு நின்றுகொண்டிருந்தாள், முகம் சுருங்கிவிட்டது. அவள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறவரை அம்மாவும் மகளும் உள்ளே வர வேண்டாம் என்றான். சிந்தியது நான், மன்னிப்பை நான் கேட்கிறேன் என்றேன். அது போதாதாம், அந்தக் கொச்சுதான் கேட்க வேண்டுமாம். நாங்கள் இரண்டு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் உள்ளது உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாங்கள் வந்த பிறகு கூடையில் போட்டதை அவனே எடுத்திருக்கிறான். பள்ளுருத்தியில் ஒரு பட்டறையில் கொடுத்து அதே மாதிரி ஒரு டஜன் செய்து வாங்கி எல்லா மேஜையிலும் மாட்டிவிட்டான். பெண்களுக்கு இரண்டு நாளில் கை பழகிவிட்டது, நன்றாகத்தான் ஓடியது. இதைத் தானே வரைந்து வடிவம் செய்ததாக முதலாளியிடம் சொன்னான், முதலாளி அவன் தோளைத் தட்டினாராம். ரஹீனா வந்து சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது, மாடத்தி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், கம்பி நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று. உள்ளே குழாய்ப் பக்கம் என்றாள் ரஹீனா. இவள் தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். நான் கொண்டுபோனது இவள் செய்த முதல் கம்பி. வீட்டில் பக்கெட்டோடு வைத்துப் பார்த்த குழாயில் இருந்த கீறலிலிருந்து அதன் குறை அன்று சாயங்காலமே இவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் காதின் வெட்டின நுனி பக்கத்தில் தொங்கும் குழாயில் ஒரே இடத்தில் கீறும். அதனால் இரண்டாவதில் நுனி இரண்டையும் வெளிப்பக்கம் சுருட்டி, கம்மல் மாதிரி செய்துவிட்டாள். ரோஹன் பார்த்து எழுதினது தப்பு இருந்த பக்கத்தை. எட்டாவது நாள் குழாய்கள் ஒன்று ஒன்றாகக் கிழிய ஆரம்பித்தன. புதுக் குழாய் போட்டான், அதுவும் கிழிந்தது. குழாய் விற்றவனைத் திட்டினான். கடைசியில் திங்கட்கிழமை சாயங்காலம், கடல் ஏறி வருகிற வேலியேற்றத்துத் தண்ணீர் நம் சந்தில் கணுக்கால் அளவு நிற்கிறது, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

நாற்காலி போட்டேன், சாயா கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் போகட்டும் சேச்சி, அந்தக் கொச்சுப்பெண்ணை நாளைக்கு வந்து இதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள் என்றான், கம்பியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். செய்தவள் உள்ளே இருக்கிறாள், அவளிடமே கேள் என்றேன். எனக்குப் பயம்தான், இவள் வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நின்றுவிடுவாள் என்று. வந்தாள், பாபு. மலையாளத்திலேயே சொன்னாள், அவள் மலையாளம் உனக்கும் எனக்கும் மேலே அல்லவா. இது நான் செய்தது, நீங்கள் குப்பையில் போட்டது, ஏன் கிழிகிறது என்று எனக்குத் தெரியும், அங்கே வந்து எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், அதற்கு முன்னால் இதை யார் செய்தது என்று நீங்கள் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும், அம்மாவின் மேஜை அம்மாவுக்கு வேண்டும் என்றாள். அவன் சிரித்தான். இதுக்கு நாக்கு உண்டோ என்று என்னைப் பார்த்துக் கேட்டான். நான் பதில் சொல்லும் முன்னால் இவளே, உண்டு என்றாள். சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான், நல்ல ஏலக்காய் போட்ட சாயா.

நேற்று ரஹீனாவும் அம்மிணி சேச்சியும் மேஜையில் இருந்த கம்பிகளை எல்லாம் கழற்றி அவன் முன்னால் குவித்து வைத்துவிட்டு, சரியானது வரட்டும், அதுவரை விரல் போதும் என்று பழையபடி கட்டைவிரலால் அமுக்க உட்கார்ந்துவிட்டார்களாம். வீங்கப்போகிற விரல்கள்தான் அவையும், இருந்தாலும் உட்கார்ந்தார்கள். முதலாளி வந்து என்ன என்று கேட்டிருக்கிறார். இன்று காலையில் ஆள் அனுப்பினார், சனிக்கிழமை அம்மாவும் மகளும் வர வேண்டும், மகள் பேர் என்ன என்று கேட்டாராம். ஒன்பது வருடம் அங்கே வேலை செய்கிறேன், இப்போதுதான் கேட்கிறார். சனிக்கிழமை என்ன ஆகும் என்று தெரியாது. மேஜை திரும்பக் கிடைக்கலாம், மொத்தமாகவே போகலாம், உன்னிடம்கூட மச்சான்காரர் முகத்தைத் தூக்கலாம். தூக்கினால் தூக்கட்டும், நீ தலையைக் குனியாதே. நாங்கள் போவோம், மன்னிப்பு என்ற சொல்லை எடுத்துக்கொண்டு போக மாட்டோம். உங்கள் அப்பாவும் முதலில் உன்னை மாதிரிதான் பேசினார், இப்போது சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை, கூட வருகிறேன் என்கிறார். மெத்தையைக் கொடுத்தவன் நான்தானே என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

இப்போது பொட்டலத்தைப் பிரி. நீங்கள் எட்டுப் பேர் இருக்கிற அறையில் தண்ணீர் கேனிலிருந்து குழாய் போட்டு, அதைத் துணியால் கட்டி வைத்திருப்பதை வீடியோவில் பார்த்தேன், இரவெல்லாம் சொட்டுகிறது என்று சொன்னாயே, அதற்கு இது. நுனி சுருட்டினது, கீறாது. உன் கை பெரியது என்று காதை இரண்டு விரற்கடை நீளமாக வைத்திருக்கிறாள். மறந்துவிடாதே, அமுக்கினால் திறக்கும், விட்டால் மூடும், அம்மா செய்த தப்பை நீ செய்து அறையை நனைத்துவிடாதே. பள்ளிக்கூடத்தில் இந்த ஊரில் யாரும் கேட்டிராத அவள் பேரைச் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைகள் சிரித்தார்கள், வருகை எடுக்கும்போது வாய் திறக்க மாட்டாள், கடைசியில் போகவே மாட்டேன் என்றுவிட்டாள், உனக்குத் தெரியும். அறையில் யாராவது இதை யார் செய்தது என்று கேட்டால் தங்கச்சி என்று மட்டும் சொல்லி நிறுத்தாதே, பேரைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள், வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, கறுப்பசாமி உன் கூடவே இருப்பார், நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு, உன் வார்த்தைக்கு இந்த ஒரு தடவை கீழ்ப்படியாத,
அம்மா பாண்டிச்செல்வி.

அண்ணே, இது அம்மா சொல்லாதது. அம்மா சொன்ன இடத்தில் எல்லாம் என் பேரை விட்டுவிட்டு, மகள், தங்கச்சி என்று எழுதிவிடலாமா என்று நினைத்தேன். எழுதவில்லை. சனிக்கிழமை முதலாளி கேட்டால் நானே சொல்வேன், எனக்காக ரஹீனா இத்தா சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரோஹன் சார் வந்துபோனதிலிருந்து இரண்டு நாளாகக் குளிக்கிற இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் என் பேரைச் சொல்லிப் பார்க்கிறேன். இன்றைக்குத் தண்ணீரைத் திறக்காமல் சொன்னேன்.

மாடத்தி.