கல்லில் ஒரு வவ்வால் மீன்

ஏப்ரல் 17, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள். லாஞ்சுப் படகுகளெல்லாம் சும்மா கட்டிக் கிடக்கின்றன. என் வீட்டுக்காரரும்தான். காலை எட்டு மணிக்கே மூன்றாவது டீ கேட்கிறார். மார்க்கெட்டில் இன்று நான் விற்றது கொஞ்சம் மத்தி, கொஞ்சம் சங்கரா. பத்து மணிக்கே கூடை காலி. இரண்டு மாதம் நாகராஜோடு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிவிடுவோம்.

வழக்கமாக மீன் கொடுக்கிற வீட்டின் கீழ்த்தளத்தில் கல் செதுக்கச் சொல்லித் தருகிறார்கள். வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். சொல்லிக் கொடுக்கிற சிந்துஜாவுக்கு இருபத்தாறு வயசு இருந்தால் அதிகம்.

"அக்கா, ஒருத்தர் பேர் குடுத்துட்டு வரல. எடம் சும்மாதான் கெடக்கு, ஒக்காருங்க."

"மீன் கூடை இருக்கே."

"அத வெளில வச்சிட்டு வாங்க."

உட்கார்ந்துவிட்டேன்! இனி சனிக்கிழமைதோறும் வகுப்பாம்.

ஏப்ரல் 19, சனி

ஜேட் என்கிற பச்சைக் கல். கண்ணாடி என்று நினைத்தேன். கையில் எடுத்தால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போல ஜில்லென்று இருக்கிறது. உளி, சுத்தியல் எதுவும் கிடையாது. பல் டாக்டர் கையில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு சின்ன மோட்டார். முனையில் வைரத்தூள். மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் ஒரு அழுத்து அழுத்தினேன். முனை போயிற்று.

"அக்கா, இத வெட்டக் கூடாது. மெதுவா தேய்க்கணும்."

இருபத்து மூன்று வருஷமாக மீன் வெட்டுகிற கை. மெதுவாக என்றால் அதற்குப் புரியுமா?

ஏப்ரல் 26, சனி

ஆளுக்கு ஒரே ஒரு கல். என்ன செய்வது என்று அவரவரே முடிவு பண்ண வேண்டும். பக்கத்து மேஜை ஜானகிராமன் சார், பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளையார் என்றார். நான் மீன் என்றதும் சிந்துஜா தானே வரைந்து கொடுத்தாள். அந்த மீன் சிரிக்கிறது! அதற்குக் கண் இமை வேறு.

"என்னா மிஸ், மீனு எங்கியாச்சும் சிரிக்குமா?" என்று அழித்துவிட்டு நானே வவ்வால் மீன் வரைந்தேன். தட்டையாக, மேலும் கீழும் துடுப்பு வளைந்து. பார்க்காமலே வரைய வந்தது.

மே 3, சனி

இன்று வால் மட்டும். மூன்று மணி நேரத்தில் ஒரு நகக்கண் அளவு. சந்தோஷமாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

ஏன் என்று தெரிந்துவிட்டது. நான் தொடுகிற எதுவும் சாயங்காலம் வரை தாங்காது. விற்றாக வேண்டும், இல்லையென்றால் கருவாடு. இந்தக் கல் ஒரு சனிக்கிழமை விட்ட இடத்திலேயே அடுத்த சனிக்கிழமை வரை எனக்காகக் காத்திருக்கிறது. இதை முடித்தே ஆக வேண்டும். ஜூன் பதினாலோடு தடை முடிகிறது. லாஞ்சு இறங்கிவிட்டால் சனிக்கிழமை ஏது, வகுப்பு ஏது?

மே 24, சனி

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சொரசொரப்பான தாளில் ஆரம்பித்து மெல்லிசான தாள் வரை. மீன் பளபளவென்று மின்னியது. "முடிஞ்சிருச்சு மிஸ்!" என்று கத்தினேன். அவள் துணியால் துடைத்து ஃபேனுக்குக் கீழே வைத்தாள். காயக் காய, உடம்பெல்லாம் கீறல். அத்தனை பளபளப்பும் தண்ணீருடையது. கை பழக்கத்தில் நிமிஷத்துக்கு ஒரு தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

மதியத்துக்கு மேல் மங்கின மீனைத் தண்ணீர் தெளித்துத்தான் விற்கிறேன். ஊரை ஏமாற்றுகிற அந்தத் தண்ணீரிடம் நானே ஏமாந்தேன். வீட்டில் சொன்னதும் நாகராஜ் பாயில் புரண்டு புரண்டு சிரித்தார்.

மறுபடியும் முதல் தாளிலிருந்து.

ஜூன் 7, சனி

ஜானகிராமன் சார் பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒடிந்துவிட்டது. பிள்ளையார் இப்போது ஆமை. என் மீனுக்குச் செவுள் ஓரம் இன்னும் கீறல்.

ஜூன் 14, சனி

முடியல. இன்னும் ரெண்டு நாள் இருந்தா போதும், ஆனா எங்க இருக்கு? வீட்டுல அவர் வலையும் ஐஸுமா ஓடிட்டு இருக்காரு. வகுப்புல எல்லாரும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நான் எடுத்துக்கல.

"கல்லு இங்கியே இருக்கட்டும்க்கா, எப்ப வேணா வாங்க"ன்னு சொன்னா சிந்துஜா. எப்ப? எனக்கேது எப்ப? தெருமுனை வரைக்கும் அழுதுகிட்டே வந்தேன். ஒரு கல்லுக்காக அழுவேன்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருப்பேனா?

ஜூன் 18, புதன்

முதல் நடை முடித்து அவர் கரைக்கு வந்தார். நல்ல பாடு, பெட்டி பெட்டியாக மீன். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாகச் சொன்னார்: "வெள்ளிக்கெழம எவன் மீன் வாங்குறான்? அன்னிக்கிப் போயேன்."

வியாபாரமே ஆகாத கிழமை என்று எத்தனை வருஷம் வெள்ளிக்கிழமையைத் திட்டியிருக்கிறேன்! எனக்கு ஏன் தோன்றவில்லை? அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

தண்ணீர்க் கிண்ணத்தைச் சிந்துஜா என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்துவிட்டாள். கேட்டால்தான் தருகிறாள்.

ஜூலை 11, வெள்ளி

துடைத்தாள். ஃபேனுக்குக் கீழே வைத்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் உள்ளங்கையில் வைத்தாள். காய்ந்த கல். செவுள், துடுப்பு, வால் எங்கும் ஒரு கீறல் இல்லை. வெளிச்சம் உள்ளே இறங்கிப் பச்சையாக நிற்கிறது. நான் செய்தது! இந்தக் கையால்!

அங்கே வகுப்பைப் பற்றி விசாரிக்க வந்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அழகா இருக்கே, எவ்ளோங்க?" என்றார்.

வாய் தானாகத் திறந்தது. விலை வரவில்லை. நல்ல வவ்வால் கிடைத்த நாளில் ஒன்றைக்கூட நான் எடுத்து வைத்ததில்லை. யாரும் வாங்காமல் மிஞ்சினதுதான் எங்கள் சட்டிக்கு வரும்.

"இது எங்க வீட்டுக்குங்க" என்றேன்.