வாய்வார்த்தைக்குப் பதினான்கு நாள்

அன்பு மகள் ஜனெலுக்கு அப்பா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலாஸ்காக் குளிரில் நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். உடம்பைத் தவிர வேறு எதையும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கடிதம் எழுதுவதெல்லாம் இந்த வீட்டில் உன் அம்மாவின் வேலை, நான் கடைசியில் ஒரு வரி போடுவதோடு சரி, இப்போது நானே உட்கார்ந்து எழுதுகிறேன் என்றாலே உனக்குப் பாதி விஷயம் புரிந்திருக்கும். அம்மா சலைனாவில் அனீட்டா பெரியம்மா வீட்டில் இருக்கிறாள், இன்றோடு பன்னிரண்டு நாள். ஈரத்தில் இருமல் வந்தது, அதனால் வந்தேன் என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். வடக்கு அறைச் சுவரெல்லாம் ஈரம்தான், அது பொய்யில்லை, ஆனால் அவள் போனது இருமலால் அல்ல, என்னால். கூரைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மட்டும்தான் நாங்கள் உன்னிடம் சொல்லியிருக்கிறோம், மீதியை நான்தான் சொல்ல வேண்டும்.

ஜூனில் பெய்த ஆலங்கட்டி மழையில் நம் ஊரில் தப்பிய கூரையே இல்லை என்று உனக்குத் தெரியும். நம் கூரைக்கு வயதாகிவிட்டது என்று கழித்துக்கொண்டு இன்ஷூரன்ஸ்காரர்கள் ஆறாயிரத்து எண்ணூறு டாலர் தந்து கணக்கை முடித்துவிட்டார்கள். உள்ளூர் கூரைக்காரர்கள் எல்லோரும் அடுத்த வசந்தம்வரை நேரமில்லை என்று கையை விரித்தார்கள். அப்போதுதான் ஓக்லஹோமா நம்பர் போட்ட வண்டியில் கோல்பி என்பவன் வந்தான். முப்பது வயதிருக்கும், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினான், அம்மா கறியும் கோஸும் வைத்துச் சுட்டிருந்த பீராக் ரொட்டியில் மூன்றைத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டான், எனக்கு அதுவே போதுமாக இருந்தது. முழுப் பணமும் முன்னால் கொடுத்தால் நாளைக்கே ஆரம்பிக்கிறேன் என்றான். கை குலுக்கினோம், செப்டம்பர் ஒன்பதாம் தேதி இன்ஷூரன்ஸ் தந்த மொத்தப் பணத்துக்கும் செக் எழுதிக் கொடுத்தேன். சொன்னபடி மறுநாள் இரண்டு ஆட்களோடு வந்து வடக்குப் பக்கத்து ஓடு முழுவதையும் பெயர்த்துப் போட்டான், வாசலில் பத்துக் கட்டுப் புது ஓடு இறக்கினான், போனவன் போனவன்தான். இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா என்னைக் கேட்காமலே வங்கிக்கு ஃபோன் போட்டுச் செக்கை நிறுத்தச் சொல்லிவிட்டாள். வங்கியில் ஆர்லீன் இருக்கிறாளே, சர்ச்சில் நமக்கு முன் வரிசையில் உட்காருகிறவள், அவள் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறாள், "ரோசெல்லா, வாயால சொன்னது பதினாலு நாளைக்குத்தான் செல்லும். ஒரு ஃபாரம் அனுப்புறேன், செக் நம்பரும் தொகையும் சரியாப் போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு, அப்புறம் ஆறு மாசத்துக்குக் கவலையில்ல" என்று. ஃபாரம் வந்தது, அம்மா கையெழுத்துப் போட்டு, டவுனுக்குப் போகிற வழியில் கொடுத்துவிடுங்கள் என்று என் கையில் தந்தாள்.

அன்று காலையில்தான் கோல்பி எனக்கு ஃபோன் செய்திருந்தான். செக் திரும்பி வந்துவிட்டதாம். அவன் கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், அவன் கெஞ்சினான். "ஐயா, உங்க கையப் புடிச்ச நம்பிக்கையிலதான் சரக்கக் கடன்ல எடுத்தேன். ஆளுங்களுக்கு இன்னும் கூலி குடுக்கல. ஆல்ஃபோன்ஸ் ட்ரைலிங் செக்கே திரும்புதுன்னா இந்த ஊர்ல நான் யார நம்புறது? இந்த ஒரு தடவ விட்டுடுங்க, திங்கக்கிழம உங்க கூரை மேல நிக்கலன்னா என்ன செருப்பால அடிங்க" என்றான். என் பேரைச் சொன்னதும் நான் விழுந்துவிட்டேன். இதை உனக்கு நான் சொன்னதில்லை, மழை பொய்த்த ஒரு வருஷம் என் அப்பா எழுதிய செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது, தீவனக் கடைக்காரர் அதைக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் எல்லோரும் பார்க்க ஒட்டி வைத்தார், அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் அது வழக்கம். வெறும் பதினோரு டாலர். பணத்தைக் கட்டி அதைக் கிழித்து வாங்கும்வரை அப்பா அந்தத் தெருவில் நடக்கவில்லை, பதினெட்டு மைல் போய்த் தீவனம் வாங்கி வந்தார். பணமில்லாமல் திரும்புவது வேறு, நாமாக நிறுத்துவது வேறு, சொன்ன வேலையைச் செய்யாதவனுக்குக் கொடுத்த செக்கை நிறுத்துவதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை என்று ஆர்லீன் அம்மாவுக்கு விளக்கினாளாம். எனக்கு அந்த வித்தியாசம் மண்டையில் ஏறவில்லை. ட்ரைலிங் என்று கையெழுத்திட்ட செக் திரும்பிவிட்டது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா தந்த ஃபாரத்தைப் பிக்கப் வண்டியில் வெயிலை மறைக்கும் அட்டைக்குள் செருகிவிட்டு வங்கியைத் தாண்டிப் போனேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், கொடுத்துவிட்டேன் என்றேன். நாற்பத்து நான்கு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் பொய் இது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இவ்வளவு சுலபமாக எந்தப் பொய்யும் என் வாயில் வந்ததில்லை.

திங்கள் போனது, இன்னொரு திங்களும் போனது. தார்ப்பாயைக் கட்டிவிட்டுக் காத்திருந்தேன். செப்டம்பர் முப்பதாம் தேதி அவன் மறுபடி போட்ட செக் பாஸாகிவிட்டது, பதினான்கு நாள் கணக்கு அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. விஷயம் எங்களுக்குத் தெரிய இன்னும் இரண்டு வாரம் ஆனது, மாதக் கணக்குத் தாள் வந்த பிறகுதான். அம்மா நேராக வங்கிக்குப் போய், வரிசையில் ஆறேழு பேர் நிற்கும்போதே ஆர்லீனைப் பிடித்துக்கொண்டாள். "நான் கையெழுத்துப் போட்டு அனுப்புனத எங்கயோ தொலைச்சிட்டு என்கிட்டயே கத விடுறியா? செக்க நிறுத்த முப்பத்தஞ்சு டாலர் கட்டணத்த மட்டும் மறக்காமப் புடிச்சிக்கத் தெரியுதுல்ல!" என்று சத்தம் போட்டாள். ஆர்லீன் ஒவ்வொரு டிராயராகத் திறந்து காட்டினாள், கடைசியில் அழுதுவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன் ஜனெல், வாயைத் திறக்கவில்லை. வண்டிக்கு வந்த பிறகு சொன்னேன். அம்மா கத்தவில்லை. அட்டைக்குள்ளிருந்து அந்த ஃபாரத்தை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "எவனோ ஒருத்தன் உங்கள நல்லவருன்னு சொல்லணும்னு என்னப் பொய்க்காரி ஆக்கிட்டீங்க" என்றாள். திரும்ப உள்ளே போய் எல்லோர் முன்னாலும் ஆர்லீனிடம் மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் அனீட்டா பெரியம்மா வந்து அழைத்துப் போனாள்.

ஷெரிஃபைப் பார்த்தேன், "ஓட்டப் பெயர்த்திருக்கான், சரக்கு எறக்கியிருக்கான், வேலைய ஆரம்பிச்சிட்டேன்னு சொல்லுவான் பெரியவரே, இது திருட்டுல வராது, கோர்ட்ல பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார். வக்கீல் சொன்னது அதைவிட மோசம். செக்கை நிறுத்தியிருந்தாலும் போட்ட ஒப்பந்தம் ரத்தாகியிருக்காது, அவன் நம்மேல் வழக்குப் போட்டிருக்கலாம், ஆனால் பணம் நம் கையில் இருந்திருக்கும், அவன்தான் நம்மைத் தேடி வர வேண்டியிருந்திருக்கும், இப்போது நாம் அவனைத் தேட வேண்டும், தேடுகிற செலவே அந்தப் பணத்தைத் தின்றுவிடும் என்றார். கோல்பியின் ஃபோனை இப்போது எடுப்பாரில்லை. டிசம்பர் முதல் தேதிக்குள் கூரை போடாவிட்டால் வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது என்று கடிதம் வந்திருக்கிறது. ஹேஸ் ஊரில் ஒரு கூரைக்காரர் மட்டும் நவம்பரில் வருகிறேன் என்கிறார், அவருக்கும் பணம் வேண்டும், என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில், கூரைக்குச் செக் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன் அப்பா என்று சொன்னதும் பேச்சு நின்றது லைன் கெட்டதால் அல்ல, நான்தான் வைத்துவிட்டேன். அது எந்தப் பணம் என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க மூன்று வருஷமாக ஆஸ்பத்திரியில் கூடுதல் வேலை பார்த்து நீ சேர்த்தது, நவம்பர் பதினைந்துக்குள் கட்டாவிட்டால் உன் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும் என்று நீ அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அந்தச் செக்கை நிறுத்திவிடு. ஃபோனில் சொல்லலாம்தான், உன் குரலைக் கேட்டால் சரிம்மா என்று சொல்லிவிடுவேன், அதனால்தான் விரைவுத் தபாலில் இதை அனுப்புகிறேன், புதன்கிழமை கிடைக்கும் என்றார்கள். நீயே வங்கிக்குப் போ. செக் நம்பர், தேதி, கடைசி சென்ட் வரை தொகை எல்லாம் சரியாக எழுது, ஓர் எண் தப்பினாலும் அவர்கள் கண்ணில் சிக்காது. வாயால் சொல்லிவிட்டு வராதே, அங்கேயே கையெழுத்துப் போட்டு நகல் வாங்கிக்கொள். யாரிடமும் கொடுத்தனுப்பாதே.

வந்தால் கிழித்துப் போட வேண்டியதுதானே என்று நீ கேட்பாய். கிழிக்க மாட்டேன் ஜனெல். கூரை போட்டுவிட்டால் உன் அம்மா திரும்பி வந்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. வரமாட்டாள், அவள் கூரைக்காகப் போகவில்லை, தெரிந்தும் தோன்றுகிறது. தபால் பெட்டியில் உன் உறையைப் பார்த்தால் நேராக ஆர்லீனிடம் போய்ச் செக்கை மாற்றிவிடுவேன். மாற்றிவிட்டு, கிழித்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்வேன். நீயும் நம்புவாய்.

கடவுள் உன்னையும் உன் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளையையும் காப்பாற்றட்டும். அம்மாவிடம் பேசு, நான் எழுதியதைச் சொல்ல வேண்டாம். மறுபடி சொல்கிறேன், வியாழக்கிழமைக்குள்.

உன் அப்பா,
ஆல்ஃபோன்ஸ்