பாடாங் மேஹாவில் ஒரு நாள் வந்த தண்ணீர்

முதல் தடவை கூப்பிட்டால் ஒருநாளும் திரும்பிப் பார்க்காத என் அன்பு மனிதரே,

என்னங்க, இந்தத் தடவையாவது திரும்புங்கள். வயிறு எரிகிறது. சொல்லி அழ வேறு ஆளில்லை.

உங்கள் ஆஸ்திரேலியா சபைக்காரர்கள் வந்துவிட்டுப் போனார்கள். வருஷா வருஷம் நீங்கள்தானே அவர்களைத் தோட்டம் தோட்டமாகக் கூட்டிக்கொண்டு போவீர்கள், அவர்கள் உதவியில் நடக்கும் பாலர் பள்ளி, மருந்து, தண்ணீர் எல்லாவற்றையும் காட்டுவீர்கள்? இந்த வருஷம் மொழிபெயர்க்க என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் ஆசை ஆசையாய்ச் செய்த காரியமாச்சே என்று நானும் கிளம்பினேன்.

பாடாங் மேஹா பக்கத்தில், தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குப் போனோம். வேறு குழாயே இல்லாத இடம் என்று கிணறு தோண்டி, பம்ப் வைத்து, நீலத் தொட்டி ஏற்றினீர்களே, அங்கேதான். மாலை, ஆரத்தி, ரோஜா சிராப் கலந்த தண்ணீர், கோழிக் குழம்பு. நம் ஜனங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? உங்களை அண்ணன் அண்ணன் என்று சுற்றிவருவாளே லெட்சுமி, அவள்தான் குழாயைத் திறந்தாள். தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வெள்ளைக்காரர்கள் கைதட்டி வீடியோ எடுத்தார்கள், முகம் கழுவிக்கொண்டார்கள். மனுஷன் போனாலும் அவர் வைத்த தண்ணீர் ஓடுகிறதே என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது.

சாப்பிட்ட கையோடு லெட்சுமி வீட்டுப் பின்பக்கம் போனேன். எண்ணெய் டின்னும் பெயிண்ட் வாளியுமாய் ஈரம் காயாமல் குவிந்து கிடந்தன.

"என்னடி இது?"

"மெதுவா பேசுங்கக்கா. பம்ப் எரிஞ்சி ரொம்ப நாளாச்சி. நேத்து ஆம்பளைங்க மோட்டார் சைக்கிள்ல போயி கோயில் குழாய்ல புடிச்சாந்து தொட்டியில ஊத்துனாங்க. இவங்ககிட்ட சொல்லிடாதீங்கக்கா."

"அடிப்பாவி! என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்களே அண்ணன் போன துக்கத்துல இருக்கீங்க. உங்ககிட்ட வந்து பம்ப் கெட்டுப்போச்சின்னா சொல்லுவோம்? அண்ணன் வச்சது ஓடலன்னு இவங்க பாத்தா, அண்ணன் பேருதானே கெடும்?"

ஊரெல்லாம் வாயாடி என்று பேரெடுத்தவள் நான். அன்று அந்த டின்களைத்தான் எண்ணிக்கொண்டு நின்றேன். இளவட்டங்கள் விடியுமுன் பஸ் ஏறி கூலிம் ஹைடெக் பூங்கா ஃபேக்டரிகளுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். கிழடுகள்தான் பகலெல்லாம் தண்ணீர் தூக்குகிறார்கள். லெட்சுமி புருஷன் காலில் சர்க்கரைப் புண், அதைக் கழுவவும் அளந்துதான் ஊற்றுகிறாள்.

கிளம்பும் முன்னால் அவர்களுடைய தலைவர், தண்ணீர் போதுமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "நல்லா வருதுங்க, ஒரு கொறையும் இல்ல" என்று லெட்சுமி சிரித்தாள். கண் மட்டும் என்னைக் கெஞ்சியது. இத்தனை பேர் நடுவில் அவளைப் பொய்க்காரி ஆக்க முடியுமா? அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"அப்படியானால் இங்கே நம் வேலை நல்லபடியாக முடிந்தது. இனி வேறு ஊரைப் பார்க்கலாம்" என்றார் அவர், முகமெல்லாம் சந்தோஷமாக. அதை மட்டும் நான் தமிழில் சொல்லவே இல்லை.

மறுநாள் லங்காவித் தீவுக்குப் போக கோலா கெடாவுக்கு வந்தார்கள். மனசு கேட்காமல் படகுத் துறையில் தலைவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார், நல்ல மனுஷன்தான். "சிஸ்டர், நீங்கள் இன்னும் துக்கத்தில் இருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரில் நானே முகம் கழுவினேனே" என்றார். வீடியோவையும் போட்டுக் காட்டினார். அதில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அப்புறம் என் மன ஆறுதலுக்காக ஜெபம் பண்ணிவிட்டு ஃபெரியில் ஏறிப் போய்விட்டார். மீன் கூடைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். யாரைத் திட்டச் சொல்கிறீர்கள்?

நானே பம்ப் வாங்கிவிடலாம் என்று கடையில் விசாரித்தேன். கிணற்றையும் இன்னும் ஆழமாகத் தோண்டவேண்டுமாம். நம்மால் ஆகிற காரியமில்லை.

லெட்சுமிக்குப் போன் போட்டு, இனி அவர்கள் வரமாட்டார்கள் என்று சொன்னேன். "பரவால்லக்கா, அண்ணன் பேரு நின்னுச்சில்ல" என்றாள். அந்தப் பேரை உலையில் போட்டா சோறு ஆக்குவாய் என்று கத்த வந்தது. போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே போகப்போகிறேன். அந்தக் குழாயைத் திறந்துவைத்து, ஒரு சொட்டும் வராததை வீடியோ எடுத்து அவர்களுக்கு அனுப்புவேன். நம்புவார்களோ மாட்டார்களோ, தெரியாது. லெட்சுமி என் முகத்தில் முழிக்கமாட்டாள். சபையில் உங்களைப் பற்றி நாலு விதமாய்ப் பேசுவார்கள்.

இத்தனை வருஷத்தில் உங்கள் பேருக்கு ஒரு சொல் வரவிட்டதில்லை நான். இப்போது என் கையாலேயே கெடுக்கப்போகிறேன். சத்தியமாய்ச் செய்வேன். கோபித்துக்கொள்ளாதீங்க.

உங்கள் வீட்டுக்காரி,
ஞானம்