வள்ளம் வரைக்கும்

மச்சாள்,

இன்று காலை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் ஒரு பை நிறைய மரமுந்திரிகைப் பழம். அந்தக் கனத்த இனிப்பு மணத்தில் நான் இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன். நாம் எல்லோரும் வேன் பிடித்து, மரமுந்திரிகைத் தோட்டங்களைத் தாண்டி மாங்கேணிக்குப் போன நாள் நினைவுக்கு வந்துவிட்டது. நீங்கள் கண்ணை மூடி ஐந்து மாதமாகிறது. அந்த நாளைப் பற்றி உங்களோடு ஒருமுறையேனும் நான் கதைத்திருக்க வேண்டும்.

சண்டை ஓய்ந்து நீங்கள் பிறந்த ஊருக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. சுனாமி உங்கள் கணவரான என் அண்ணனைக் கொண்டுபோய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. நாம் இருந்த கல்லடியில் தண்ணீர் ஏறிவந்த அந்தக் காலையில், நான்கு வயதான என் மகளைத் தூக்கிப் பூவரச மரத்தில் ஏற்றிவிட்டார் உங்கள் கணவர். தான் ஏற அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு மகள் கடற்பக்கம் போனதே இல்லை.

மாங்கேணியில் உங்கள் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். மற்றப் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். மகள் மட்டும் வேன் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தாள். என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒன்பது வயசாச்சு, இன்னும் என்ன பயம்? இறங்கு!”

நானும் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள்தான் என் கையை விலக்கினீர்கள்.

“விடுங்க புள்ள. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் இவளோட இரிக்கன்.”

அவர் போனார். நான் போகாமல் வேனுக்குப் பின்னால் நின்றேன்.  உள்ளிருந்து மகளின் குரல் கேட்டது.

“மாமி, என்னை ஏத்தினபடியாத்தானே மாமா போனவர்?”

 ஐந்து வருடமாக அவள் அதை மனதில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள்.

“மாமா தன்ட விருப்பத்துல செஞ்ச வேலை அது, மகள். உன்ன உட்டுட்டு அவர் மட்டும் ஏறியிருந்தா, நான் அவரோட ஒரு நாளும் கதைச்சிருக்க மாட்டன்.” பிறகு, “எனக்கும் பயம்தான். அண்டைக்குப் பிறகு நானும் கடலப் பார்க்கல்ல. ரெண்டு பேரும் கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்பமா? எதுவரைக்கும் எண்டு நீ சொல்லு” என்றீர்கள்.

நீங்கள் ஏன் எப்போதும் கடற்கரை வீதியைத் தவிர்த்துச் சுற்றிப் போனீர்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“அந்த வள்ளம் வரைக்கும்,” என்றாள் மகள்.

மணலில் இழுத்துவைத்திருந்த மீன்பிடி வள்ளம். உங்கள் சேலைத் தலைப்பை அவள் பிடித்துக்கொள்ள, இருவரும் நடந்தீர்கள். வள்ளத்தின் விளிம்பை நீங்கள் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் பயத்தை நீங்கள் அவளிடம் மறைக்கவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினீர்கள்.

“கால்கூட நனைக்கல்லையா?” என்று கேட்டார் என் கணவர்.

“வள்ளம் வரைக்கும் எண்டுதான் நாங்க பேசிக்கிட்ட, தம்பி. அதுக்கு அங்கால கூட்டிப் போனா, அடுத்தமுறை இவ என்ன நம்ப மாட்டா.”

புருஷனைப் பறிகொடுத்த நீங்கள், அவர் காப்பாற்றிய பிள்ளையைப் பார்த்து ஒரு நாளாவது முகம் சுளித்திருக்கலாம். யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்களோ ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு கல்லடிக் கடற்கரைக்குப் போகத் தொடங்கினீர்கள். தூரத்தை அவள்தான் சொல்வாள். சில நாள் வீதியிலிருந்தே திரும்பி வருவீர்கள். இப்போது அவள் முழங்கால் வரை இறங்குகிறாள். நீந்தமாட்டாள். நீந்தச் சொல்லி நாங்களும் கேட்பதில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் நான் படிப்பிக்கும் பாலர் பாடசாலைக்குப் புதிதாக வந்த ஒரு சின்னப்பெண் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாய் அவளை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அந்தத் தாயின் கையை விலக்கிவிட்டுக் கீழே குந்தினேன்.

“எதுவரைக்கும் போவம்?”

அழுகையை நிறுத்தி யோசித்தாள். “செருப்புக் கழட்டுற இடம் வரைக்கும்.”

அங்கே போய் இருவரும் உட்கார்ந்துகொண்டோம். மணி அடித்தது. நான் அவளை உள்ளே கூப்பிடவில்லை.