பின்சீட்டு

எர்னஸ்ட் அண்ணா,

கருவாட்டுக் குழம்பு கீது, சுட வச்சி துன்னு. நைனா இப்பதான் தூங்கினாரு, எழுப்பாத. எனக்கு பயமாக்கீது, அதான் முழிச்சிக்கினு எழுதறேன்.

இன்னிக்கி வடமாலபேட்டைல ஒரு பழைய அம்பாசடர் பாக்க என்னையும் இட்டுக்கினு போனாரு. பானெட்டத் தொறக்கவே சொல்லல. பின்கதவத் தொறந்து, “நீ அம்மா ஒசரம்தானே, படும்மா”ன்னாரு. படுத்தேன். காலு இடிக்குதான்னு குனிஞ்சி பாத்தாரு. துண்ட மடிச்சி என் தலைக்கு வச்சாரு. வண்டிக்காரன் சிரிச்சான்: “ஏமய்யா, காரு வாங்க வந்தியா, கட்டிலு வாங்க வந்தியா?”

அம்மாவ அடக்கம் பண்ண அன்னிக்கி, “ஒக்கார முடியாதவங்கள ஆஸ்பத்திரிக்கு வேலூர் பஸ்ல ஏன் ஏத்தின?”ன்னு எல்லார் எதிர்லயும் கேட்டியே. அதுலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் பேசறதில்ல. அவரு கார் தேடிக்கினே கீறாரு.

திரும்பி வர்றப்ப சொன்னாரு. பஸ்ல அம்மா அவரு தோள்ல சாஞ்சிக்கினே கண்ண மூடினாங்களாம். தூங்கறாங்கன்னு காட்பாடி வரைக்கும் எழுப்பலையாம்.

அந்த வண்டி கருப்புப் புகையா கக்குது. நாளைக்கி அட்வான்ஸ் குடுக்கப் போறாரு. நீ மெக்கானிக்கு, கூட வாண்ணா. அந்த வண்டி வாணாம்னாலும் நீயே அவருகிட்ட வாயத் தொறந்து சொல்லு.

தபீதா

கதவுக்குத் தாப்பா போட்டுடு.

இன்னொண்ணு. பின்சீட்ல படுத்திருந்தப்ப நான் கண்ண மூடவே இல்ல. மூடினா நைனா பயந்துடுவாரு.