வேறு மருந்து: இல்லை

மார்ச் 4, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. விடுதியில் உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் அக்காவிடமும் வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. பதிலை என் பள்ளி விலாசத்துக்குப் போடு. நீ அம்மாவின் நாட்டு மருந்துப் பொடிகளைக் குப்பைத் தொட்டியில் கொட்டியதிலிருந்து, எட்டு மாதமாக, உன் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறாள்.

பல் தேய்த்தால் அவளுக்கு ரத்தம் வருகிறது. இடிபடாமலே கையெல்லாம் நீலம் பாய்ந்திருக்கிறது. இதய ஆபரேஷனுக்குப் பிறகு, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையோடு இப்போது ஒரு சூரணம், ஒரு கஷாயம், பூண்டு மாத்திரை, ஹோமியோபதி வெள்ளை இனிப்பு உருண்டை.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு அம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை. ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன். ‘வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று இருந்தது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன்.

“இல்லைன்னு போடுடி.”

பக்கத்திலிருந்த தையல்காரம்மாவும் அதையே போட்டார். ஆனால் பையைத் திறந்து, மூட்டுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று காட்டினார். “டாக்டர்கிட்ட இதைச் சொல்றது, மாமியார்கிட்ட அம்மா வீட்டுப் பெருமை பேசற மாதிரி!” அம்மா சிரித்தாள். ஈறெல்லாம் சிவப்பு.

அந்த ‘இல்லை’ என் கையெழுத்து, அக்கா.

உன் வாலு

மார்ச் 9

என் வாலுக்கு,

பயப்படாதே என்று எழுத மனம் வரவில்லை. அவற்றில் சில, மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும். இரண்டு நாளாகப் போன் செய்கிறேன்; என் நம்பரைப் பார்த்ததும் அம்மா துண்டிக்கிறாள்.

நான் வேலை பார்க்கும் வார்டில் பாதிப் பேர் தலையணைக்கு அடியில் ஏதோ ஒரு பொட்டலம் இருக்கிறது. கேட்டால் “சேச்சே!” நான் மட்டும் என்ன ஒழுங்கு? தலைவலிக்கு அதே இனிப்பு உருண்டைதான். யாரிடமும் சொன்னதில்லை.

நீ எதையும் கொட்டாதே. உள்ளதை எழுதி, இது கிடைத்த மறுநாளே டாக்டரிடம் கொடு.

அக்கா

மார்ச் 12, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

புது ஃபாரம் வாங்கி நாலையும் எழுதினேன். நாளைக் காலை போக வேண்டும். சாயங்காலம் என் பையில் அதை அம்மா பார்த்துவிட்டாள். திட்டவில்லை. “நீயுமா?” என்றாள், அவ்வளவுதான். சோறு போடும்போது தட்டைத்தான் பார்த்தாள். அப்பாவுக்கு இரவு ஷிப்ட். உனக்குப் போக ஒரு விடுதி இருந்தது. எனக்கு இந்த அறையை விட்டால் அடுத்த அறை. அங்கே அவள் இருமுவது கேட்கிறது. திட்டியிருந்தால்கூட

கதவைத் தட்டுகிறாள். விளக்கை அணைக்கவில்லை.

“குட்டி, முழிச்சிட்டுதானே இருக்கே? நாலுதான் எழுதியிருக்கே. அஞ்சாவது ஒண்ணு இருக்கு. கதவைத் தெற.”